பறவையின் மீது சுமத்திய பழி

ஓசூர் சிப்காட் சாலையில் அதிகாலையில் சரக்குடன் புறப்படும் லாரிகளின் முகப்பில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரம் தொங்கக் காணலாம். நம்மவர் லாரியாயின் பெரும்பாலும் அவ்விடத்தில் 786 என்னும் எண் இருக்கும். முன்னதை மூடநம்பிக்கை என்கிறோம். பின்னதைப் பரக்கத் என்கிறோம். இவ்விரண்டிற்கும் உண்மையில் வேறுபாடு உண்டா என வினவ ஏனோ தயங்குகிறோம்.

சகுனம் எந்தச் சமூகத்தாருக்கும் தனியுடைமையன்று. இதற்கு மொழிகளே சாட்சி. தீய சகுனத்தைக் குறிக்கும் 'தியரா' என்னும் அரபுச் சொல், பறவை எனப் பொருள்படும் 'தைர்' என்பதோடு வேர் உறவுடையது. சங்கத் தமிழில் 'புள்' என்பது பறவையையும் நிமித்தத்தையும் ஒருங்கே குறித்தது. 'சகுனம்' என்ற வடசொல்லுக்கும் பறவை என்ற பொருளுண்டு. கிரேக்கரின் 'ஒர்னிஸ்' என்ற சொல்லும் அவ்வாறே. தன் ஆற்றலுக்கு அடங்காத பயணத்தையும் போரையும் எதிர்நோக்கிய மனிதன் எங்கும் வானத்துப் பறவையையே அண்ணாந்து பார்த்திருக்கிறான்.

டிரோபிரியாண்ட் தீவு மீனவரை ஆராய்ந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, அமைதியான காயலில் மீன்பிடிக்க மந்திரம் நாடாத அவர்கள், ஆபத்து நிறைந்த திறந்த கடலுக்குச் செல்லும்போது சடங்குகளை நாடியதைக் கண்டார். இரவெல்லாம் நெடுஞ்சாலையில் விழித்திருக்கும் ஓட்டுநரின் அச்சமும் இத்தகையதே. அவ்வச்சம் இகழத்தக்கதன்று.

அச்சம் சகுனத்தைப் பெற்றெடுக்கிறது. பிழையான கணக்கு அதனை வளர்க்கிறது. அண்டை மாநிலமான கர்நாடகத்தில், தமிழக எல்லையை ஒட்டிய சாமராஜநகருக்கு வரும் முதலமைச்சர் பதவி இழப்பார் என்றொரு நம்பிக்கை வேரூன்றியிருந்தது. ராமகிருஷ்ண ஹெக்டே 1988இலும் பொம்மை 1989இலும் பதவியிழந்ததைச் சான்றாகக் காட்டினர். ஆனால் முன்னவர் தொலைபேசி ஒட்டுக்கேட்புக் குற்றச்சாட்டினால் விலகினார். பின்னவர் குடியரசுத் தலைவர் ஆட்சியினால் நீக்கப்பட்டார். 2007இல் அந்நகருக்கு வந்த குமாரசாமி அதே ஆண்டு பதவி இழந்ததற்குக் காரணம், கூட்டணிக் கட்சிக்கு ஆட்சியை மாற்றித் தரும் உடன்பாடு முறிந்ததேயாகும். அந்நகரின் பக்கமே செல்லாதிருந்த பங்காரப்பாவும் மொய்லியும் மட்டும் ஐந்தாண்டுகளை நிறைவு செய்தனரா? இல்லையே! வந்தவர் வீழ்ந்ததை எண்ணியோர், வராதவர் வீழ்ந்ததை எண்ணவில்லை. 2013இல் பதவியேற்ற சித்தராமையா அந்நகருக்குப் பன்முறை சென்றும் 2018 வரை முழுக்காலமும் ஆண்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் இழப்பு யாருக்கு? தம் குறைகளை நேரில் கேட்க முதல்வர் வராத அவ்வூர் மக்களுக்கே!

இங்கு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர வேண்டும். அன்னாரின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானியலார் கணக்கில் அது 632 ஜனவரி 27. இக்குழந்தைக்காகவே கதிரவன் இருண்டது என மக்கள் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை எனத் துயரத்தின் நடுவிலும் நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். தமக்குப் பெருமை சேர்க்கும் மூடநம்பிக்கையையே மறுத்தார்கள் என்பதுதான் இதன் சிறப்பு.

நாமோ ஸஃபர் மாதத்தைப் பீடை மாதமென்று நிக்காஹைத் தள்ளிவைக்கிறோம். ஒடுக்கத்துப் புதனன்று மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிக்கிறோம். ஸஃபரில் பீடையில்லை என்ற நபிமொழியை மேடையில் ஓதுவோரின் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. புதுமணப்பெண் வந்தபின் வணிகம் நலிந்தால், கணக்கேட்டைப் புரட்டாமல் அவளை ராசியில்லாதவள் என்கிறோம். பறவையின் மீது சுமத்திய பழியைப் பெண்ணின் மீது இறக்கி வைக்கிறோம். 786 என்பதும் பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குரிய அப்ஜத் மதிப்புகளின் கூட்டுத்தொகையே. விபத்தைத் தடுக்கும் கவசமன்று.

ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பித்த மார்க்கம் நம்முடையது. தவக்குல் என்பது காரணங்களைப் புறக்கணிப்பதன்று. அவற்றைச் செவ்வனே நிறைவேற்றியபின் விளைவைப் படைத்தவனிடம் ஒப்படைப்பது. பிரேக்கைச் சோதித்துவிட்டுப் பிஸ்மில்லாஹ் கூறிப் புறப்படும் ஓட்டுநருக்கு எண்ணும் வேண்டியதில்லை, எலுமிச்சையும் வேண்டியதில்லை.