மாவீரர்கள் கூடும் கதையை எப்படி ரசிப்பது

எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த படம் ஒன்றே ஒன்றுதான். 1954-இல் வந்த ‘கூண்டுக்கிளி’. டி.ஆர்.ராமண்ணா இயக்கினார், விந்தன் எழுதினார். படம் ஓடவில்லை. இரண்டு சிங்கங்கள் மோதப்போகின்றன என்று கொட்டகைக்குப் போனவர்களுக்கு, நண்பனின் மனைவி மேல் ஆசை வைத்துச் சீரழியும் ஒருவனின் கதைதான் கிடைத்தது. சிவாஜி அந்த வேடத்தை அணுவணுவாகச் செய்திருப்பார். அதைப் பார்க்க அன்றைய கூட்டத்துக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. யாருக்கு எத்தனை காட்சி, யார் கை ஓங்கியது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் நடிப்பைத் தவறவிட்டார்கள்.

எழுபது வருடம் கழித்து அதே ஏமாற்றம் காமிக்ஸ் புத்தகங்களில் நம் பிள்ளைகளைப் பிடித்திருக்கிறது. ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டப்புறத்துப் பையன்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாலம்பூர் போய், வெவ்வேறு கதைகளின் மாவீரர்கள் ஒன்றுகூடும் கனமான ‘கிராஸ்ஓவர்’ தொகுப்பு ஒன்றை வாங்கி வருகிறார்கள். அட்டையில் ஐம்பது மாவீரர்கள் பாய்ந்து வருவார்கள். இரண்டு இரவில் முடித்துவிட்டு, “இவ்வளவுதானாண்ணே? எங்காளு நாலு பக்கம்கூட வரல” என்பார்கள். குரலில் உண்மையான வலி இருக்கும். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

முதலில் இந்தக் கதைகள் எப்படிப் பிறக்கின்றன என்பது தெரிந்தால் நல்லது. மார்வலின் ‘சீக்ரெட் வார்ஸ்’ 1984, 85-இல் பன்னிரண்டு இதழ்களாக வந்தது. எழுதியவர் அப்போது மார்வலின் தலைமை ஆசிரியராக இருந்த ஜிம் ஷூட்டர். மாட்டெல் என்ற பொம்மை நிறுவனம் மார்வல் வீரர்களைப் பொம்மைகளாக விற்க விரும்பியது. அதற்குப் பக்கபலமாக எல்லாரும் வரும் ஒரு கதை தேவைப்பட்டது. தலைப்புகூடப் பிள்ளைகளுக்கு எந்தச் சொற்கள் பிடிக்கின்றன என்று அந்த நிறுவனம் விசாரித்துச் சொன்னதிலிருந்துதான் வந்தது என்று ஷூட்டரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வேற்றுக்கிரகம் ஒன்றில் நல்லவர்களையும் கெட்டவர்களையும் இறக்கிவிட்டு, அடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் மொத்தக் கதையும். கதை என்று எடை போட்டால் தேறாது. அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் நான்காம் இதழைத் திறந்து பாருங்கள். மாலிக்யூல் மேன் என்ற வில்லன் ஒரு மலையையே பெயர்த்து வீரர்கள் தலையில் போடுகிறான். ஹல்க் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறான். மலைக்கு அடியில், இருட்டில், மற்ற எல்லாரும். அந்தக் காலத்துக் கதைகளில் ஹல்க்கின் பச்சை உடம்புக்குள் விஞ்ஞானி புரூஸ் பேனரின் அறிவு தெளிவாக இருந்தது. அதுதான் இங்கே ஆபத்து. ஹல்க்கின் பலம் கோபத்தில் இருக்கிறது, நிதானமான மனிதனுக்குக் கோபம் வற்றிக்கொண்டே போகும். ஃபென்டாஸ்டிக் ஃபோர் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் என்ன செய்கிறார் தெரியுமா? மலையைச் சுமப்பவனை வேண்டுமென்றே வைகிறார், குத்திக்காட்டுகிறார், அவமானப்படுத்துகிறார். அவன் கொதித்தால்தான் எல்லாரும் பிழைப்பார்கள். தன் நண்பனைக் காயப்படுத்திக் காப்பாற்றும் அறிவாளி ஒருவர், காயம் பட்டுக்கொண்டே உலகத்தைச் சுமக்கும் ஒருவன். ஹல்க் தனியாக வரும் இதழிலும் இது நடக்காது, ரீட் தனியாக வரும் இதழிலும் நடக்காது. இருவரும் ஒரே குகைக்குள் மாட்டிக்கொண்டால்தான் நடக்கும்.

கிராஸ்ஓவரில் தேட வேண்டியது இதைத்தான். சண்டை பதிப்பகத்துக்கு வேண்டியது. இரண்டு பேர் எதிரெதிரே நிற்கும்போது ஒருவர் இன்னொருவரைப் பற்றி நமக்குத் தெரியாத எதையாவது வெளிக்கொண்டு வருகிறாரா என்பது வாசகனுக்கு வேண்டியது.

இது நமக்குப் புதிதும் இல்லை. ராமாயணத்து அனுமன் மகாபாரதத்துக்குள் வருவது கிராஸ்ஓவர் இல்லாமல் வேறென்ன? வன பர்வத்தில் திரௌபதி கேட்ட சௌகந்திக மலரைத் தேடிக் காட்டை மிதித்துக்கொண்டு போகிறான் பீமன். வழியில் ஒரு கிழக் குரங்கு படுத்துக் கிடக்கிறது. தள்ளு என்கிறான். எழ முடியவில்லை அப்பா, வாலை நகர்த்தி வைத்துவிட்டுப் போ என்கிறது குரங்கு. ஒரு கையால் முயல்கிறான், இரண்டு கையாலும் முயல்கிறான், வேர்க்கிறான். வால் அசையவில்லை. பிறகுதான் தெரிகிறது, இருவரும் வாயுவின் பிள்ளைகள், அண்ணன் தம்பி. ஒரு அடி விழவில்லை, ஒரு ஆயுதம் எடுக்கவில்லை. பீமனின் செருக்கு மட்டும் கரைகிறது. பதினெட்டு நாள் யுத்தம் வரும்போது அனுமன் அர்ஜுனனின் கொடியில் அமர்ந்திருக்கிறான், களத்தில் இறங்கவில்லை. அவனை இறக்கியிருந்தால் கூட்டம் ஆர்ப்பரித்திருக்கும், கதை கெட்டிருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ‘ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ்’ படியுங்கள். கர்ட் பியூசிக் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்த நான்கு இதழ்கள், 2003-இல் தொடங்கி 2004-இல் முடிந்தன. டிசியும் மார்வலும் சேர்ந்து இப்படி ஒன்றைச் செய்ய எண்பதுகளின் தொடக்கத்திலேயே முயன்றார்கள். பெரெஸ் அப்போதே வரையத் தொடங்கியிருந்தார். இரு நிறுவனங்களின் ஆசிரியர்களுக்குள் ஒத்துப்போகாமல் வேலை நின்றது. இருபது வருடம் காத்திருந்து அதே மனிதர் வரைந்து முடித்தார். மூன்றாம் இதழின் அட்டையில் டிசியின் ஜேஎல்ஏ, மார்வலின் அவெஞ்சர்ஸ் ஆகிய இரு அணிகளிலும் அதுவரை இருந்தவர்கள் அத்தனை பேரையும் நிற்க வைத்திருக்கிறார். அந்த அட்டைக்கு முன்னால் பத்து நிமிடம் செலவழியுங்கள், தகும். ஆனால் நான் சொல்ல வந்தது கடைசி இதழை. சூப்பர்மேன் ஒரு கையில் கேப்டன் அமெரிக்காவின் கேடயம், மறு கையில் தோரின் சுத்தியல் ஏந்தி எதிரியை நோக்கிப் போகும் பக்கம் உலகப் புகழ் பெற்றது. எல்லாரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். சண்டை முடிந்தபின் சூப்பர்மேன் சுத்தியலை மறுபடி தூக்கப் பார்ப்பார், முடியாது. தகுதி உள்ளவருக்கு மட்டும் அசையும் அந்தச் சுத்தியலின் விதியை, ஆபத்து நேரத்தில் தன் தந்தை ஓடின் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தார் என்று தோர் விளக்குவான். வாலை நகர்த்த முடியாத பீமனுக்கு அடுத்த வீட்டுக் காட்சி இது. பியூசிக் மகாபாரதம் படித்தாரா என்பது வேறு பேச்சு. நாம் படித்திருக்கிறோம், ஆகவே அந்தக் காட்சியை அமெரிக்கப் பையனைவிட நம்மால் ஆழமாக ரசிக்க முடியும்.

சந்திப்பு இல்லாமல் வெறும் மோதலை மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1996-இன் ‘மார்வல் வெர்சஸ் டிசி’ சாட்சி. ஐந்து சண்டைகளின் முடிவை வாசகர்களின் ஓட்டுக்கே விட்டார்கள். வுல்வரின், லோபோ சண்டை ஒரு மதுக்கடையில். இருவரும் கல்லாமேசைக்குப் பின்னால் விழுவார்கள், கொஞ்ச நேரத்தில் வுல்வரின் மட்டும் எழுந்து வருவான். சண்டையை வரையவே இல்லை. ஓட்டுப் போட்டவர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது.

ஈஜோக்காரர்களுக்கு இதை விளங்கவைக்க ஓர் உதாரணம் போதும். 2007 ஏப்ரலில் இங்கே சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. நாட்டின் பெரிய தலைகளெல்லாம் இந்தச் சின்ன ஊருக்கு வந்து இறங்கின. டிவியில் பார்த்த முகங்கள் ஒட்டுக்கடை வாசலில். யார் எத்தனை ஓட்டில் ஜெயித்தார் என்று இன்று கேட்டால் பலருக்கும் யோசிக்க வேண்டியிருக்கும். எந்தத் தலைவர் எந்தப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்டார் என்பது மட்டும் அந்தந்த வீட்டில் பத்திரமாக இருக்கும். கிராஸ்ஓவரிலும் நினைவில் நிற்பது அதே அளவுள்ள விஷயம்தான்.

மரணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டிசியின் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’, மார்வ் வுல்ஃப்மேனும் பெரெஸும் செய்தது, 1985, 86-இல் வந்தது. ஏழாம் இதழில் சூப்பர்கேர்ள் சாகிறாள், எட்டாவதில் ஃப்ளாஷ். இருவருமே பல வருடங்களுக்குப் பின் திரும்பி வந்துவிட்டார்கள். அதனால் அந்த மரணங்கள் பொய்யாகிவிட்டன என்று பையன்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வருஷா வருஷம் கோயிலில் அரவான் களப்பலி ஆகிறான், வருஷா வருஷம் அழுகிறோம். அவன் அடுத்த வருடம் வருவான் என்பது தெரிந்தே அழுகிறோம்.

வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன், காசு போகிற இடம் இது. மையக் கதையைச் சுற்றி ஏராளமான கிளை இதழ்களை அவிழ்த்துவிடுவது பதிப்பகத்தின் வழக்கம். எல்லாவற்றையும் வாங்காதீர்கள். மையக் கதையைத் தொகுப்பாகப் படியுங்கள். மாதா மாதம் காத்திருந்தால் எதிர்பார்ப்பு ஊதிப்போகும், எந்தக் கதையாலும் அதை நிரப்ப முடியாது. பிறகு உங்களுக்குப் பிடித்த வீரன் வரும் கிளை இதழ் ஒன்றே ஒன்று. பெரும்பாலும் உயிர் அங்கேதான் இருக்கும். மார்க் மில்லரும் ஸ்டீவ் மெக்நிவனும் செய்த ‘சிவில் வார்’ (2006, 07) ஏழு இதழ் முழுக்க வீரர்கள் ஒருவரை ஒருவர் உடைத்துக்கொள்வார்கள், முடிவு சட்டென்று தொங்கிப்போகும். அதில் மனம் நொந்தவர்கள் ‘தி கன்ஃபெஷன்’ என்ற தனி இதழைத் தேடிப் படிக்க வேண்டும். பிரையன் மைக்கேல் பென்டிஸ் எழுத, அலெக்ஸ் மலீவ் வரைந்தது. போரில் ஜெயித்த அயர்ன் மேன் உட்கார்ந்து பேசுகிறான். யாரிடம் என்று கடைசியில் தெரியும்: கேப்டன் அமெரிக்காவின் பிணத்திடம். ஏழு இதழ் சண்டை செய்யாததை இந்தச் சில பக்கங்கள் செய்துவிடும்.

சின்ன இடத்திலும் உயிர் இருக்கும் என்பது ‘விக்ரம்’ (2022) படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். சில நிமிடமே வரும் சூர்யாவின் ரோலெக்ஸ்தான் கொட்டகையை விட்டு வந்தபின்னும் பேச்சாக இருந்தது.

இனி நம் வீட்டுக் கதை. சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. அசல் பெயர் லூயிஸ் கிராண்டெல், 1962-இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் பிறந்தவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். ஹெசூஸ் பிளாஸ்கோவின் கோடுகளில் இருட்டில் மிதந்து வரும் அந்தக் கை தமிழ்ப் பிள்ளைகளின் இரண்டு தலைமுறைத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. 1984-இல் வந்த லயன் காமிக்ஸ் வழியாக ஸ்பைடரும் சட்டித்தலையன் ஆர்ச்சியும் நமக்குச் சொந்தமானார்கள். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலே ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதினார். அவர்கள் பிறந்த பிரிட்டன் அவர்களை மறந்த காலத்திலும் தமிழில் அவர்கள் செத்துப்போகவில்லை.

இவர்கள் மூவரும் இன்னும் பல பழைய பிரிட்டிஷ் நாயகர்களும் ஒன்றுசேரும் கிராஸ்ஓவர் ஒன்று உண்டு: ‘ஆல்பியன்’. ஆலன் மூர் கதையமைக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுத, ஷேன் ஓக்லி வரைந்தார். ஆறு இதழ்கள், 2005, 2006. மாயாவியும் ஸ்பைடரும் தோளோடு தோள் நிற்பார்கள் என்று திறக்கும் தமிழ் வாசகனுக்குக் கிடைப்பது வேறு. அரசாங்கம் அவர்களைப் பிடித்து ரகசியமாகச் சிறையில் போட்டிருக்கிறது. கதை நெடுக நடப்பவர்கள் அடுத்த தலைமுறை: பழைய நாயகன் ஒருவனின் மகளும், பழைய காமிக்ஸ் மேல் பைத்தியமான ஓர் இளைஞனும். என் கூட்டாளிகள் பலர் இங்கேயே புத்தகத்தை மூடிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, கதையின் பின்பாதி அவசரமாக ஓடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தும் இந்தப் புத்தகத்தை நான் விடமாட்டேன். அதில் வரும் பெரிய சந்திப்பு மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் இடையில் நடப்பதல்ல. தான் படித்ததெல்லாம் நிஜம் என்று கண்டுபிடிக்கும் வாசகனுக்கும், கிழடு தட்டிச் சிறையில் கிடக்கும் நாயகனுக்கும் இடையில் நடப்பது. அந்த வாசகன் நாம்தான். லயத்து வீட்டுத் திண்ணையில் கிழிந்த முத்து காமிக்ஸைக் கை மாற்றிப் படித்தவர்களைப் போல அவனும் ஒருவன்.

ஆல்பியனை நேராக எடுக்காதீர்கள். முதலில் மாயாவி கதை ஒன்று, ஸ்பைடர் கதை ஒன்று, தமிழிலேயே படியுங்கள். முத்து, லயன் மறுபதிப்புகள் வந்திருக்கின்றன. வீட்டில் பெரியவர் யாரிடமாவது பழைய பிரதி இருந்தால் இன்னும் நல்லது, அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் ரெபெல்லியன் பதிப்பகம் இருவரையும் புதிதாக அச்சிட்டிருக்கிறது. அதன்பின் ஆல்பியனின் முதல் மூன்று இதழ்களை மெதுவாக, பின்னணியில் நிற்கும் முகங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டு படியுங்கள். பெரியவர் உங்களுக்கு முன்னால் கண்டுபிடிப்பார். கடைசி மூன்றை வேகமாகத் தாண்டிவிடலாம்.