குந்தியெழும் பயிற்சியும் பாயும் ஆற்றலும்: ஒரு மதிப்பீடு

உயரம் பாய்தல், நீளம் பாய்தல் ஆகியவற்றிற் பயில்வோர் தோளிற் பாரந் தாங்கிக் குந்தியெழுதல் நெடுநாளைய வழக்காகும். இப்பயிற்சி தொடர்பாக வழங்கும் மூன்று விதிகளை மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆழக் குந்துதல் முழங்காலுக்குக் கேடு என்பது முதலாவது விதி. ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன் 1961இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெருஞ் செல்வாக்களித்தது. ஆழக் குந்துவோரின் மூட்டைப் பிணிக்கும் நார்கள் தளர்வுறுகின்றன என்றார் அவர். பின்வந்த ஆய்வுகள் இதனை உறுதிசெய்யவில்லை. ஆயினும் தடை மட்டும் நிலைத்துவிட்டது.

முழங்கால் கால்விரல் நுனியைக் கடத்தலாகாது என்பது இரண்டாவது. 2003இல் ஃபிறை முதலானோர் முழங்கால் முன்செல்லாவாறு பலகையால் தடுத்து அளந்தனர். முழங்காலிலுற்ற திருப்பம் ஏறத்தாழ 150 நியூற்றன் மீற்றரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. இடுப்பிலோ 28இலிருந்து 302 ஆகப் பெருகிற்று. உடல் கூடுதலாக முன்சாய்ந்தமையே காரணம். தொடையின் முன்புறத் தசைகளுக்குரிய பணியில் ஒரு பகுதி இடுப்பை நிமிர்த்துந் தசைகள்மேற் சுமத்தப்பட்டது. கீழ்முதுகும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டியதாயிற்று. முழங்காலை மட்டும் நோக்கி வகுத்த விதி, உடல் முழுவதையும் நோக்கத் தவறிற்று.

பாய்பவருக்குக் காற்பங்கு குந்துதலே போதும் என்பது மூன்றாவது. 2012இல் ஹார்ட்மன் குழுவினர் நடத்திய பத்து வாரப் பயிற்சியில், ஆழக் குந்தியோரே பாயும் உயரத்தில் முன்னேறினர். 2016இல் றியா குழுவினரோ, முன்பே பயிற்சி பெற்ற கல்லூரி வீரரிடையே காற்பங்கு குந்துதலே மேலான பயன் தரக் கண்டனர். பயில்வோரின் முன்பயிற்சியைக் கருதாது ஆழத்தை மட்டுங் கொண்டு விதி வகுத்தல் பொருந்தாது என்பதே இவற்றால் நாம் பெறும் முடிபு.

இம்மூன்றினும் அடிப்படையான வினா வேறொன்றுண்டு: தசைவலிமை தானாகவே பாய்ச்சலாகுமா? பொபெர்ட், வான் சூஸ்ற் ஆகியோர் 1994இல் கணினி மாதிரியொன்றில் இதனைச் சோதித்தனர். தசைகள் இயங்கும் கால ஒழுங்கை மாற்றாது வலிமையை மட்டும் கூட்டியபோது பாய்ந்த உயரம் குறைந்தது. ஒழுங்கையும் புதிய வலிமைக்கேற்பத் திருத்தியபோதே உயர்ந்தது. ஆதலால், குந்தியெழுதலால் வலிமை பெறுபவர் பாய்தலையும் உடன்பயிலல் இன்றியமையாதது.

உடற்கல்வி ஆசிரியரின் சொல்லை நம்பியே மாணவர் பாரத்தைத் தோளிலேற்றுகின்றனர். அச்சொல் கேட்டறிந்ததாக மட்டுமன்றி, ஆய்ந்தறிந்ததாகவும் இருத்தல் வேண்டும்.