டிஸ்சார்ஜ் புக்கை வாசிப்பது எப்படி

கடந்த இரண்டு வருடங்களில் நான் அதிகமுறை வாசித்த புத்தகம் நாவல் இல்லை, கவிதைத் தொகுப்பும் இல்லை. என் தாய்மாமாவின் ராணுவ டிஸ்சார்ஜ் புக். போடிநாயக்கனூரில் அவர் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டுக்கும் அத்தையின் நகைச்சீட்டு அட்டைக்கும் நடுவே ஒரு மஞ்சப்பைக்குள் கிடந்தது. ஓரங்கள் செல்லரித்து, நடுப்பக்கம் டேப் ஒட்டி. எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே ‘மிலிட்டரி’தான்.

அதையும் ஒரு பிரதியாக வைத்து எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியதற்குக் காரணம் அதிலிருந்த ஒரே ஒரு கட்டம்.

1982-ல் சேர்ந்தார். 1999-ல் வெளியே வந்தார். தரைப்படையின் சர்வீஸ் கோரில் டிரைவர். உயரம், மார்பளவு, இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு, ரத்தவகை என்று ஒரு மனிதனைப் பற்றி எவ்வளவோ சொல்கிறது அந்தப் புத்தகம். வெளிநாட்டுப் பணி என்ற கட்டத்துக்கு வரும்போது மட்டும் ‘நில்’ என்று ஆங்கில எழுத்தில் டைப் அடித்திருக்கிறது. இல்லை என்று அர்த்தம். நான் முதல்முறை அதைத் தமிழாகவே வாசித்தேன். நில். அந்தக் கட்டத்துக்கு மேல் போகாதே என்று யாரோ உத்தரவு போட்ட மாதிரி இருந்தது.

1987 நவம்பரிலிருந்து 1989 தொடக்கம் வரை மாமா யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இருந்தார். இந்திய அமைதிப்படையில் லாரி ஓட்டினார். கண்ணிவெடியில் லாரி தூக்கி எறியப்பட்டு வலது முழங்கால் போனது. புத்தகத்தில் அது ‘பணியின்போது வாகன விபத்து’. எந்த ஊர், எந்த நாடு என்று இல்லை. வெளிநாட்டில் பணியாற்றியவர்களுக்கான விதேஷ் சேவா மெடல் பதிவும் இல்லை.

இதில் பணமும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பணியில் இருக்கும்போது விபத்தில் அடிபட்டால் ஊன ஓய்வூதியம். அரசு அறிவித்த ராணுவ நடவடிக்கையில் அடிபட்டால் போர்க்காய ஓய்வூதியம். இரண்டாவதில் தொகை அதிகம். முழங்கால் ஒன்றுதான். அதைப் பற்றி எழுதப்பட்ட வாக்கியத்தைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது. வார்த்தைக்கு விலை உண்டா என்று இலக்கியக் கூட்டங்களில் கேட்பவர்களை ஒருநாள் பென்ஷன் பிரிவுக்கு அழைத்துப்போக வேண்டும்.

*

ராணுவத்தில் ஒருவருக்கு நடக்கும் எதுவும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவில் வெளியாக வேண்டும். கல்யாணம், குழந்தை, லீவு, காயம், பதக்கம், கடல் தாண்டிப் போனது எல்லாமே. அவருடைய அலகு அதை வெளியிடும். ரெக்கார்ட் ஆபீஸ் அதைப் பார்த்து ஷீட் ரோலில் ஏற்றும். ஓய்வு பெறும்போது ஷீட் ரோலிலிருந்து டிஸ்சார்ஜ் புக் பிறக்கும். அதாவது அந்தப் புத்தகம் மூன்றாம் பிரதி. இதிகாசங்களுக்குப் பாடபேதம் இருப்பது போல இதற்கும் உண்டு. எந்த ஏட்டிலிருந்து எந்த ஏட்டுக்குப் போகும்போது வரி விடுபட்டது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. உ.வே.சா. ஊர் ஊராக ஏடு தேடிப் போனதைப் படித்து வியந்தவன் நான். கடைசியில் எனக்கு வாய்த்தது இந்தச் சுவடி.

மாமா தன் சொந்த அலகிலிருந்து வேறொரு அலகுக்கு ‘அட்டாச்மென்ட்’டில் அனுப்பப்பட்டவர். அனுப்பிய இடம் உத்தரவு போட்டது, போன இடம் போடவில்லை. எங்களுக்குப் புரிந்தவரை வரி அங்கேதான் விழுந்திருக்கிறது.

ஆதாரம் தேடினோம். கடிதங்கள் இருந்தன. ஆனால் பட்டாளத்துக் கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது. அலகின் பெயர், பிறகு கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடமான முகவரி அது. அப்படி ஒரு ஊரே கிடையாது. அம்மாச்சி செத்துப்போகும்வரை தன் மகன் ஏதோ ஒரு ஏ.பி.ஓ.வில் இருந்தான் என்றுதான் நம்பினாள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு ஷீட் ரோலின் நகல் வாங்கினோம். ராணுவ மருத்துவமனைச் சீட்டு ஒன்று கிடைத்தது. அதில் டாக்டரின் கிறுக்கலில் இரண்டு சொற்கள்: ‘ஆப் பவன்’. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையின் பெயர். பவன் என்றால் காற்று. அந்தச் சீட்டை மாமா வெகுநேரம் கையில் வைத்திருந்தார். “அந்த டாக்டரு ஒரு சர்தார்ஜி, மாப்ள. அவரு மட்டும்தான் எழுதிருக்காரு பாரு” என்றார்.

அடுத்து ஒரு சாட்சி. கூட இருந்த இன்னொரு டிரைவர் உசிலம்பட்டிப் பக்கம். பன்னிரண்டு வருடம் நின்றுபோயிருந்து 2023 ஜூனில் போடிக்குத் திரும்பிய ரயிலில் ஏறிப் போனோம். அவர் பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்முன் மாமாவிடம் கேட்ட ஒரே கேள்வி, “வீட்ல சொல்லிட்டியா?”

மாமா சொல்லியிருக்கவில்லை. முப்பத்து சொச்சம் வருடம் அத்தைக்கும் ஊருக்கும் அவர் பஞ்சாபில் இருந்தார்.

*

இந்த இடத்தில் ப. சிங்காரத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். ‘புயலிலே ஒரு தோணி’யை நம்மில் பலரும் கல்லூரிக் காலத்தில் ஒரு சாகச நாவலாகவே படித்திருப்போம். யுத்தகால மெடான், பினாங்கு, கடல், இந்திய தேசிய ராணுவம், பாண்டியன். நானும் அப்படித்தான். மாமாவின் மனுவுக்காக அலைந்த மாதங்களில் திரும்பப் படித்தபோது அது வேறு புத்தகமாக இருந்தது.

அந்த நாவல் தெருப்பெயர்களை விடாது. கடைகளை, சரக்குகளை, வட்டிக்கடைப் பையன்களின் பேச்சை, மதுரைத் தெருக்களின் நினைவை அடுக்கிக்கொண்டே போகும். முதல் வாசிப்பில் இந்த அடுக்கல் எனக்கு அலுப்பூட்டியது. இப்போது எனக்கு அது சாட்சியம் சொல்பவரின் பழக்கமாகத் தெரிகிறது. தன்னை யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தவன் இடத்தையும் பெயரையும் துல்லியமாகச் சொல்வான். பாண்டியன் ஊர் திரும்புவதில்லை. திரும்பியிருந்தால் அவன் கையில் என்ன காகிதம் இருந்திருக்கும்?

நாவல் நூலாக வெளிவந்தது 1972-ல். அதே 1972 ஆகஸ்டில்தான் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. ஐ.என்.ஏ. வீரர்களும் அதில் உண்டு. ஆனால் சிறை ஆவணம் வேண்டும், இல்லையென்றால் கூடச் சிறையிருந்தவரின் சான்று வேண்டும். கடல் தாண்டி, தோற்றுப்போன ஒரு படையில் இருந்தவன் அதற்கு எங்கே போவான்? இந்த வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயின. 2001-ல் குர்தியால் சிங் வழக்கில், இத்தகைய மனுக்களில் குற்றவழக்கின் அளவுக்கு நிரூபணம் கேட்கக் கூடாது, நடந்திருக்கக்கூடியதா என்று பார்த்தால் போதும் என்ற பொருளில் நீதிமன்றம் சொன்னது. சிங்காரம் 1997-லேயே இறந்துவிட்டார்.

உலகமெங்கும் இதே கதைதான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் ஆவணக் காப்பகம் 1973 ஜூலையில் தீப்பிடித்து, 1 கோடியே 60 லட்சத்துக்கும் அதிகமான படைவீரர் கோப்புகள் அழிந்தன. அந்தக் கிழவர்களும் சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கூட இருந்தவனின் கையெழுத்து என்று பொறுக்கித் தங்கள் வாழ்க்கையைத் திரும்பக் கட்டினார்கள். அங்கே நெருப்பு. எங்களுக்கு வெறும் ‘நில்’.

*

மாமா ஏன் பஞ்சாப் என்று சொன்னார்?

1987 ஜூலை 29-ல் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போன படை அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. அந்த மாதம் 21-ம் தேதி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் தாதியரும் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் திரும்பியபோது, வரவேற்கப் போகமாட்டேன் என்று அன்றைய முதல்வர் கருணாநிதி மறுத்தார். இறந்த இந்தியப் படையினர் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களுக்கு 2008-லேயே இலங்கை அரசு கொழும்புக்கு அருகே நினைவுச்சின்னம் எழுப்பிவிட்டது. தமிழ்நாட்டில் அதைப் பற்றிப் பேசவே ஆள் இல்லை. மாமா லீவில் ஊருக்கு வந்தபோது போடி டீக்கடைகளில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அவர் மௌனத்தைத் தேர்ந்தார். ரிட்டயர் ஆனபின் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டினார். விடியும்முன் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு, சாயங்காலம் இறக்கம். முழங்கால் முடியாமல் போனதும் ஏலக்காய் ஸ்டோரில் மூட்டைக்கு எடை போடும் வேலை.

‘முறிந்த பனை’யை நான் இருபது வயதில் படித்தேன். ராஜினி திராணகமவும் நண்பர்களும் எழுதியது. எல்லாத் தரப்பின் துப்பாக்கியையும் கேள்வி கேட்டதன் விலையாக 1989 செப்டம்பரில் ராஜினி சுடப்பட்டு இறந்தார். அதில் அமைதிப்படைக் காலத்தைப் பற்றிய பக்கங்களைப் படித்துவிட்டு, அந்தப் பச்சை உடுப்புக்குள் இருந்த எவனையும் மனிதனாக நினைக்க எனக்கு முடியவில்லை. அப்போது என் சொந்த மாமா அங்கே இருந்தார் என்பது தெரியாது.

இப்போது தெரியும். தெரிந்தபின் அந்தப் புத்தகத்தை வேறு மாதிரி வாசிக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். இல்லை. அதில் ஒரு வரியைக்கூட நான் குறைக்க மாட்டேன். ஆனால் டிஸ்சார்ஜ் புக்கை அதன் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, சுடப்பட்டவர்கள் தரப்பில் உயிரைக் கொடுத்து எழுதிவைத்த ஆவணம். இன்னொன்று, அனுப்பியவர்கள் எழுதாமல் விட்ட ஆவணம். வெளிநாட்டுப் பணி இல்லை என்று எழுதிவிட்டால் அவர் சம்பாதித்த பதக்கம் மட்டுமா காணாமல் போகிறது? அவர் அங்கே இருந்ததும் போகிறது. அவர் பார்த்ததும் போகிறது. அப்புறம் யாரும் அவரிடம் எதுவும் கேட்க முடியாது. அந்தக் கட்டத்தைத் திருத்துவது மாமாவுக்கு எவ்வளவு நியாயமோ, அங்கே செத்தவர்களுக்கும் அவ்வளவு நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

மனுவோடு இணைக்க மாமாவைச் சுயவிவரம் சொல்லச் சொன்னேன். தேதி, இடம், வேலை, காயம். ஒரு பக்கம் போதும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதியது பதினோரு பக்கம். வேலை என்ற இடத்தில் டிரைவர் என்று எழுதினேன். தடுத்தார்.

“டிரைவர் மட்டும் போடாத. எனக்குத் தமிழ் தெரியும்ல. செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட்டு லாரிய விட்டு எறக்கி, கேளுடா இவங்கள்ட்டனு விட்ருவாங்க. அவங்க சொல்றத நான் இந்தில சொல்லணும். எல்லாத்தையும் சரியாத்தான் சொன்னனானு இன்னைக்கு வரைக்கும் தெரியல.”

எதைச் சரியாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னார். அது அந்தப் பதினோரு பக்கத்தில் இருக்கிறது. அவர் அனுமதி தரும்வரை இங்கே எழுத மாட்டேன்.

நம்மிடம் யாழ்ப்பாணத்தின் கதைகள் இருக்கின்றன. எழுதியவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். லாரியில் போன தமிழ்நாட்டுக்காரன் நம் புனைவில் அநேகமாக இல்லவே இல்லை. தேனி மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். நம் சினிமாவில் அவர் ரம் பாட்டிலோடு லீவில் வருவார், கதை சொல்லுவார், நாம் சிரிப்போம். எழுத்தாளர்கள் சோம்பேறிகள் என்று சொல்ல வரவில்லை. மாமாவை எழுத வேண்டுமென்றால் அவரை வீரன் ஆக்கவும் முடியாது, கொலைகாரன் என்று தள்ளிவிடவும் முடியாது. இரு பக்கமும் தமிழ் பேசிக்கொண்டிருந்த செக்போஸ்ட்டில் நடுவே நின்ற ஒருவன், மொழியை எதற்குப் பயன்படுத்தினான் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி, மொழியைப் பெருமையாக மட்டுமே பேசிப் பழகிய நம் எல்லோரையும் தொடும்.

*

போன தை மாதம் திருத்தம் வந்தது. ஒரே தாள். வெளிநாட்டுப் பணி: ஸ்ரீலங்கா. தேதிகள். விதேஷ் சேவா மெடல். பணி: டிரைவர். மொழிபெயர்த்ததைப் பற்றி ஒன்றுமில்லை, அதற்கு அங்கே கட்டம் இல்லை. போர்க்காய ஓய்வூதியத்துக்கான மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தாளை மாமா அத்தையிடம் கொடுத்தார். அத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “பஞ்சாப்புன்னீங்க?” என்றாள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அத்தை உள்ளே போய்க் காப்பி போட்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். “சரி, இப்பச் சொல்லுங்க” என்றாள்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தப் பதினோரு பக்கமும் என் பையில்தான் இருந்தது. அன்று அதற்கு அங்கே வேலை இல்லை.