தலை யாருக்குத் தாழ்கிறது?

லண்டனில் அரச குடும்பத்துத் திருமணமோ முடிசூட்டு விழாவோ நடந்தால், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களிலும் டிவி ஓடும். உடையையும் நகையையும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறோம். அந்த விழாக்களின் அழகு வணக்கங்களில்தான் இருக்கிறது. யார், யாருக்கு, எப்போது தலை தாழ்த்துகிறார்கள் என்று கவனித்தால் பேச்சு புரியாவிட்டாலும் விழா புரியும்.

அளவைப் பாருங்கள்

அரசரை வணங்கும் ஆண் இடுப்பை வளைப்பதில்லை; கழுத்துக்கு மேலே தலை மட்டும் ஒருமுறை தாழும். பெண் ஒரு காலைப் பின்னே வைத்து, முழங்கால்களை மெல்ல மடக்கி எழுவார். முதுகு நேராகவே இருக்கும். கண் இமைக்கும் நேரம்தான். அந்தச் சிக்கனத்தை ரசிக்க வேண்டும். 2011 ஏப்ரல் 29 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மணமுடித்து வந்த வில்லியமும் கேட்டும் மகாராணி எலிசபெத்தின் முன் நின்று வணங்கியதைத் தேடிப் பாருங்கள். பேரன் பாட்டிக்குச் செய்த மரியாதையும் இளவரசர் அரசிக்குச் செய்த மரியாதையும் அந்த ஒரே அசைவில் அடங்கிவிட்டன.

வரிசையைப் பாருங்கள்

1953 ஜூன் 2, முடிசூட்டு விழா. கிரீடம் சூடுமுன் எலிசபெத்தை நான்கு திசைக்கும் காட்டினார்கள். சபையோர் வாழ்த்தி முழங்க, ஒவ்வொரு திசைக்கும் அவரே முழங்கால் மடக்கி வணங்கினார். கிரீடம் ஏறிய பிறகு கணவர் பிலிப் அவர்முன் மண்டியிட்டு உறுதிமொழி சொல்லி, கிரீடத்தைத் தொட்டு, கன்னத்தில் முத்தமிட்டார். 2023 மே 6 அன்று தந்தை சார்ல்சின் முடிசூட்டு விழாவில் வில்லியம் அப்படியே செய்தார். எல்லோரும் அரசருக்கு வணங்கினாலும், அரசர் பீடத்தின் முன் தலை தாழ்த்துகிறார். ஆலயத்துக்குள் வணக்கம் அரசரோடு நின்றுவிடுவதில்லை.

நம்மூரில் கண்ணைப் பழக்குங்கள்

நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852ஆம் ஆண்டுக்குரியது. டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் எழுந்தது. ஒரு ஞாயிறு வழிபாட்டில் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஆங்கிலிக்கன் மரபில் பீடத்தைக் கடக்கும்போது தலை தாழும். இயேசுவின் பெயர் வரும்போதும் தாழும். அந்தப் பெயருக்குத் தலை தாழ்த்துவதை இங்கிலாந்துத் திருச்சபை 1604இல் விதியாகவே எழுதிவைத்தது. கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணைப் பேழைக்கு நேரே வலது முழங்கால் தரையைத் தொடும்.

நமக்கென்று ஒரு பார்வை

இந்த ஆலயங்களில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் மண்டியிட்டார்கள். மறுநாள் தோட்டத்தில் அவர்கள் எதிரே வந்தால் நம் முன்னோர் தலைத்துண்டை அவிழ்த்து, குடையை மடக்கி, பாதையை விட்டு இறங்கி, “சலாம் தொரை” என்று நிற்க வேண்டியிருந்தது. 1954 ஏப்ரலில் எலிசபெத் இலங்கையின் அரசியாகவே இங்கு வந்தார். தாமரை பின்னிய முடிசூட்டு உடையை அணிந்து கொழும்பில் பாராளுமன்றத்தைத் திறந்துவைத்தார். அந்தத் தாமரை இலங்கைக்கான அடையாளம். அதே நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமையின்றி இருந்தார்கள்.

இந்த நினைவோடு பார்ப்பதால் ரசனை குறையாது, கூர்மையாகும். பயத்தில் குனிவதையும் அன்பில் தாழ்வதையும் பிரித்தறிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று பிரிட்டிஷ் அரண்மனையே, அரச குடும்பத்தாரைச் சந்திப்போர் வணங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்கிறது. அதனால் அடுத்த விழாவில், வணக்கம் பெறுகிறவர் தாமும் எங்கே, யாருக்குத் தலை தாழ்த்துகிறார் என்று தேடுங்கள். தானும் வணங்கத் தெரிந்தவருக்குச் செய்யும் வணக்கமே பார்க்க அழகு.