பீர் வெள்ளமும் பம்பும்

லண்டனின் குடிவரலாற்றைச் சொல்லிக்கொண்டே அழைத்துப் போகும் நடையில், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு முனையில் சற்று நிற்க வேண்டும். இன்றைய டொமினியன் தியேட்டர் இருக்குமிடத்தில் மியூ கம்பெனியின் பீர் ஆலை இருந்தது. 1814 அக்டோபரில் 22 அடி உயர மரத்தொட்டி உடைந்து, பின்பக்க ஏழைக் குடியிருப்புக்குள் பீர் பாய்ந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். ஒரு குழந்தையின் சாவுக்குத் துக்கம் காத்தவர்களும் அதில் உண்டு. இதை வேடிக்கைக் கதையாக்கும் வழிகாட்டிகளை எனக்குப் பிடிக்காது.

பிறகு சோஹோ, பிராட்விக் தெரு. 1854 காலராவுக்குக் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டிய தண்ணீர்ப் பம்பின் மாதிரி நிற்கிறது. பக்கத்து பீர் ஆலைத் தொழிலாளிகளுக்குத் தினப்படி பீரும் சொந்தக் கிணறும் இருந்ததால், அவர்களில் யாரும் சாகவில்லை. அருகிலேயே ஸ்னோ பெயரில் ஒரு பப். மனிதரோ வாழ்நாளில் பெரும்பகுதி மதுவைத் தொடாதவர்!