வெண்பனித் தோட்டத்தை எப்படி ரசிப்பது?

டொரோண்டோவின் வீட்டுத் தோட்டங்கள் நவம்பரில் இலையுதிர்த்து முடிக்கின்றன. அதன்பின் மார்ச் வரை பனி விழும், உருகும், மறுபடி விழும். பூவையும் பச்சையையும் தேடிப் பழகிய கண்ணுக்கு அந்த மாதங்களில் ஒன்றும் அகப்படாது. பலர் சமையலறை ஜன்னலின் திரையை இழுத்துவிட்டு ஏப்ரலுக்குக் காத்திருக்கிறார்கள். ஆனால் தோட்டத்தின் எலும்புக்கட்டு முழுதாகத் தெரிவது அந்த மாதங்களில்தான். கோடையில் இலைக்குள் ஒளிந்திருந்த வளைவும் கிளைப்பும் பனி விழுந்த காலையில் ஒரே சமயத்தில் வெளியே வந்து நிற்கும்.

முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்கே பெயர் வைத்த தமிழில் பனி என்பது புல்நுனியில் நிற்கும் ஈரம். வானத்திலிருந்து பஞ்சாக இறங்கி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும் பொருளுக்கும் அதே சொல்தான் வழங்குகிறது. ‘பனி கொட்டுகிறது’ என்கிறார்கள். மழை கொட்டும்போது எழும் இரைச்சல் இதில் கிடையாது. புதுப்பனியின் பெரும்பகுதி காற்று. 10 சென்டிமீட்டர் பனியை உருக்கினால் சுமார் 1 சென்டிமீட்டர் நீர்தான் மிஞ்சும். படிகங்களுக்கு இடையில் உள்ள அந்தக் காற்றறைகள் ஓசையை உறிஞ்சிக்கொள்வதால், பெருந்தெருவின் வாகன இரைச்சல்கூட எங்கோ தொலைவில் கேட்பதுபோல ஒடுங்கிவிடும். பனி இறுகியதும் இந்த அமைதி குறைந்துவிடும். ஆகவே பனி நின்ற முதல் ஒரு மணி நேரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு பின்வளவில் போய் நிற்பது நல்லது. வழியை வெட்டித் துப்புரவாக்கும் வேலை அதற்குப் பிறகு இருக்கட்டும்.

பார்வையை முதலில் கிளைகளில் வைக்க வேண்டும். காற்றில்லாத இரவில் விழுந்த பனி ஒவ்வொரு கிளையின் மேலும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருக்கும். அதன் அடியில் கிளையின் கறுப்புக் கோடு. மேப்பிள் மரத்தின் நுனிச்சுள்ளி வரை இந்த இரட்டைக் கோடு தொடரும். காற்றடித்த இரவென்றால் அடிமரத்தின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கும். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அதிலேயே படிக்கலாம். பறவைகளுக்கு நீர் வைக்கும் கல்தொட்டி, மரப்பெஞ்சு, வேலித்தூண் எல்லாம் ஆளுக்கொரு தொப்பி போட்டுக்கொண்டிருக்கும். ஜப்பானியர் இந்தத் தொப்பிக்காகவே ஒரு கல்விளக்கு செய்கிறார்கள். பனி நின்று தங்கும்படி அகன்ற கூரை வைத்த அந்த விளக்கின் பெயர் யுகிமி-டோரோ. யுகிமி என்றால் பனி பார்த்தல். கனஸாவா நகரின் கென்ரோகு-என் பூங்காவில் பனியின் பாரத்தால் பைன் கிளைகள் முறியாதிருக்க, ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 முதல் உயர்ந்த கம்பங்களின் உச்சியிலிருந்து கயிறு இறக்கிக் கட்டுகிறார்கள். காவலுக்குக் கட்டும் கயிறுகள் கூம்பாக விரிந்து, அவையே ஊரார் திரண்டு வந்து பார்க்கும் காட்சியாகிவிட்டன.

வெளிச்சம் அடுத்தது. டிசம்பர் கடைசியில் நண்பகலிலும் டொரோண்டோவின் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 23 பாகை உயரத்துக்குமேல் ஏறாது. நாள் முழுவதும் நிழல்கள் நீண்டே கிடக்கும்; வேலிக்கம்பி ஒன்றின் நிழல் வளவைக் குறுக்காகக் கடந்துவிடும். அந்த நிழல் கறுப்பல்ல, நீலம். வெயில் படாத இடத்துக்கு ஒளி வருவது தெளிந்த நீலவானத்திலிருந்து. வெண்பனி அதை அப்படியே காட்டுகிறது. ஒரு குச்சியால் ஆழக் குழி குத்தினால் உள்ளேயும் மெல்லிய நீலம் தெரியும். அதன் காரணம் வேறு: பனிக்குள் நெடுந்தூரம் அலைந்து வெளிவரும் ஒளியில் சிவப்புப் பகுதி உறிஞ்சப்பட்டிருக்கும். நண்பகலைவிடச் சூரியன் எழுந்த முதல் அரைமணியும் மறைவதற்கு முந்திய அரைமணியும் பார்க்கத் தக்கவை. வெயில் பட்ட மேடு இளஞ்சிவப்பாகவும் பள்ளம் நீலமாகவும் அப்போது ஒன்றை ஒன்று ஒட்டியிருக்கும்.

வெள்ளை சூழ்ந்த இடத்தில் சிறிய நிறத்துக்கும் பெரும் பலம். செந்தண்டு டாக்வுட் என்ற புதர் கோடையில் யாருடைய கண்ணிலும் படாது. இலையுதிர்ந்தபின் அதன் தண்டுகள் குங்குமக் கீற்றுகளாக நிற்கும். இளந்தண்டுக்கே அந்தச் சிவப்பு அதிகம் என்பதால் முதிர்ந்த தண்டுகளை வசந்தத் தொடக்கத்தில் அடியோடு வெட்டிவிடுவார்கள். வெள்ளை என்று பெயரெடுத்த பிர்ச் மரப்பட்டை, பனியருகே பார்க்கும்போது பாலேட்டின் மஞ்சளும் ரோஜா நிறமும் கலந்தது என்று தெரியும். ரோடோடென்ட்ரான் செடி வெப்பமானி போல வேலை செய்கிறது. குளிர் கூடக்கூட அதன் இலைகள் தொங்கிச் சுருளும்; கடுங்குளிரில் சுருட்டு அளவுக்கு இறுகிவிடும்.

பனித்தோட்டத்தின் உண்மையான செல்வம் காய்ந்த செடிகளில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் வெட்டித் துப்புரவாக்கிய தோட்டத்தில் பனி விழுந்தால் வெறும் வெள்ளைத் தரைதான் மிஞ்சும். வெட்டாமல் விட்ட எக்கினேசியாவின் கருங்கூம்பு ஒவ்வொன்றின் மேலும் ஒரு பனிப்பந்து உட்காரும். ஹைட்ரேஞ்சாவின் காய்ந்த கொத்து காபி நிறத்தில் காகிதம் போல் சரசரக்கும். சீடம் செடியின் தட்டையான தலைகள் பனியைத் தாம்பாளத்தில் ஏந்தி நிற்கும். இங்குள்ள வளவுகளில் பரவலாகக் காணும் ‘கார்ல் ஃபோர்ஸ்டர்’ புல் பனியிலும் நிமிர்ந்து நிற்கக்கூடியது. ஜெர்மனியின் போட்ஸ்டாமில் நாற்றுப்பண்ணை நடத்திய கார்ல் ஃபோர்ஸ்டரின் (1874–1970) பெயர் அதற்கு. தோட்டத்துக்குள் புற்களை மதிப்போடு கொண்டுவந்தவர் அவர். அவருக்குப் பின் நெதர்லாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் பியட் அவுடால்ஃப், செடி காய்ந்தபின் எப்படி நிற்கும் என்பதையும் கணக்கில் எடுத்தே நடுவதற்குத் தேர்ந்தெடுத்தார். பூக்கும் சில வாரங்களை மட்டும் பார்த்துச் செடி வாங்குவோர் ஆண்டின் பெரும்பகுதியைக் கைவிடுகிறார்கள்.

காய்ந்த தலைகளில் விதையும் இருக்கிறது. குளிர்காலத்தில் மங்கிய நிறம் பூண்ட கோல்ட்ஃபின்ச் குருவி எக்கினேசியாக் கூம்பில் தொற்றிக்கொண்டு விதையைப் பிடுங்கும். வடக்கிலிருந்து வந்து தங்கும் ஜங்கோக்கள் கீழே சிந்தியதைப் பொறுக்கும். ஆண் கார்டினல் வந்து சீடர் வேலியில் அமர்ந்தால் வளவு முழுவதிலும் கண் அந்தச் சிவப்பிடமே போகும். இந்தப் பறவைகள் போனபின் தரையைப் படிக்கலாம். அணில் தாவும்போது முன்னங்கால்கள் இரண்டும் பக்கம் பக்கமாகப் பதியும். முயலுக்கு அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பதியும். இரண்டுக்கும் பெரிய பின்னங்கால்கள் முன்னால் விழும் என்பதால், எந்தத் திசையில் போனது என்பதைத் தலைகீழாகப் படித்து ஏமாறுவது எளிது. பூனை முன்கால் தடத்திலேயே பின்காலை வைத்து, ஒற்றை வரிசையாகப் போயிருக்கும்.

பனி விழுந்துகொண்டிருக்கும்போதே கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. கறுப்புக் கம்பளித் துணியை முன்னதாகவே வெளியில் வைத்துக் குளிரவிட்டு, அதில் விழும் துகள்களைப் பூதக்கண்ணாடியால் மூச்சை அடக்கிப் பார்த்தால் ஆறு கை கொண்ட படிகங்கள் தெரியும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரின் விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தித் தனிப் படிகத்தைப் படமெடுத்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்தார். படிகத்தின் வடிவம் அது வளரும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்தது என்பதை ஜப்பானின் உகிச்சிரோ நக்காயா 1930களில் ஆய்வகத்திலேயே பனி வளர்த்துக் காட்டினார். சுமார் மைனஸ் 15 பாகை செல்சியஸில்தான் பெரணி இலை போன்ற கிளைத்த படிகங்கள் சிறப்பாக உருவாகின்றன.

உறைமழை வேறு வகை. தொட்டதும் உறையும் அந்த மழை ஒவ்வொரு சுள்ளியையும் கண்ணாடிக்குள் வைத்துவிடும். வெயில் பட்டால் மரமெல்லாம் மின்னும். அதே பாரம் கிளைகளை முறிக்கும். 2013 டிசம்பரில் டொரோண்டோவை இருளில் ஆழ்த்தியது அப்படியோர் உறைமழை. பனிக்கட்டி பூசிய கிளையைத் தட்டக் கூடாது, முறிந்துவிடும். மென்பனி பாரத்தில் வளைந்த சீடரைத் துடைப்பத்தால் அடியிலிருந்து மேல்நோக்கி மெல்ல உயர்த்திவிடலாம்.

மார்ச்சில் உருகுவதற்கும் ஒரு வரிசை உண்டு. வெயிலை வாங்கிச் சூடேறும் அடிமரத்தைச் சுற்றி முதலில் கிண்ணம்போல் பள்ளம் விழும். பிறகு தெற்கு பார்த்த சுவரோரம் மண் தெரியும்; அங்கேதான் ஸ்னோட்ராப்பின் முதல் வெண்மொட்டுகள் தலைகுனிந்து வெளிவரும். புல்தரை வெளுத்துத் தெரியும்போது, குளிர்காலமெல்லாம் பனிக்கடியில் வயல் எலிகள் ஓடிய பாதைகள் அதில் வரிவரியாகக் கிடக்கும். வேலியின் வடபுற நிழலில் கறுத்து இறுகிய ஒரு கைப்பிடிப் பனி ஏப்ரலிலும் சில நாள் கிடக்கும்.