தேம்பாவணியின் முதல்நூல் எது? – நற்செய்தி நூல்களின் தோற்றம் பற்றிய ஆய்வுகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் (1680–1747) எழுப்பிய கோயிலில் மரியாள் 'பெரியநாயகி' என்னும் பெயரால் வழிபடப்படுகிறாள். அப்பெயர் விருத்தாசலம் சிவன்கோயில் அம்மனுக்கும் உரியது. இங்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது எவருக்கும் எளிதில் புலப்படும். அவர் இயற்றிய தேம்பாவணியில் ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து வந்தது என்பது அவ்வாறு எளிதில் புலப்படுவதில்லை. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் கொண்ட அக்காப்பியத்தின் முதல்நூல் 'விவிலியம்' என்று ஒரே சொல்லில் கூறிச் செல்லும் வழக்கம் தமிழ்க் கல்விப்புலத்தில் பரவலாக உள்ளது. இக்கூற்று போதுமானதன்று என்பதையும், அதனால் காப்பியத் திறனாய்வு பிழைபட நேர்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நற்செய்தி நூல்கள்: முதலும் வழியும்

மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்தி நூல்களும் நிகழ்ச்சி வைப்பிலும் சொல்லமைப்பிலும் பெரிதும் ஒத்துள்ளன. இவ்வொற்றுமைக்குக் காரணம் யாது என்பதே நற்செய்தி ஆய்வின் நெடுநாளைய வினா. மத்தேயுவே முந்தையது, மாற்கு அதனைச் சுருக்கினார் என்பது அகுஸ்தீனாரின் கருத்து. 1863இல் ஹோல்ட்ஸ்மனும் 1924இல் ஸ்ட்ரீட்டரும் இதற்கு மாறாக, மாற்கு முந்தையது என்றும் மற்ற இருவரும் அதனைப் பயன்படுத்தினர் என்றும் நிறுவ முயன்றனர். மாற்கில் இல்லாமல் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பொதுவாக உள்ள ஏறத்தாழ 230 வசனங்களுக்கு, இன்று கிடைக்காத வேறொரு மூலம் கருதப்பட்டது. 'மூலம்' எனப் பொருள்படும் ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்தால் அது 'க்யூ' எனப்படுகிறது. லூக்கா மத்தேயுவை நேரே அறிந்திருந்தார் எனின் 'க்யூ' தேவையில்லை என்று 1955இல் ஃபேரர் மறுத்தார். விவாதம் முடியவில்லை. எனினும் மாற்கின் முதன்மையை இன்று பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

தமிழ் மரபுக்கு இவ்வினா புதியதன்று. தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்குகிறது. அகுஸ்தீனார் மாற்கைத் தொகுத்தலாகக் கண்டார். பிற்கால ஆய்வு மத்தேயுவை விரித்தலாகக் காண்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. மறைந்துபோன தமிழ் நூல்கள் பலவற்றின் பெயரையும் சில பாடல்களையும் உரையாசிரியர்கள் காட்டியுள்ளனர். 'க்யூ'வை அவ்வாறு பெயர் சுட்டிக் காட்டிய பழைய ஆசிரியர் எவரும் இலர். அது ஒப்பீட்டால் பெறப்பட்ட கருதுகோள் மட்டுமே.

யோசேப்பு: நான்கு நூல்களில் காணும் நிலை

தேம்பாவணியின் தலைவன் வளன், அதாவது யோசேப்பு. இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய அவரைப் பற்றி மாற்கு யாதும் கூறவில்லை. யோவான் இரண்டிடங்களில் பெயர் மட்டும் சுட்டுகிறார். மத்தேயு, லூக்கா இருவரின் முதலிரண்டு அதிகாரங்களே அவரைப் பற்றி விரிவாகப் பேசுவன. அவையும் தம்முள் ஒவ்வா. யோசேப்பின் ஐயமும் எகிப்துப் பயணமும் மத்தேயுவில் மட்டும் உள்ளன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கோயிலில் கண்டடைதலும் லூக்காவில் மட்டும் உள்ளன. யோசேப்பின் தந்தை பெயர்கூட இரு நூல்களிலும் வேறுபடுகிறது. இவ்விரு பிறப்பு வரலாறுகளையும் விரிவாக ஆராய்ந்த ரேமண்ட் பிரவுன் (1977) அவற்றைத் தனித்தனி மரபுகளாகவே கொள்கிறார். தேம்பாவணியோ இரண்டையும் ஒரே கதையோட்டமாக இணைக்கிறது. ஆகவே 'விவிலியம்' என்று பொதுப்படக் கூறினால் இவ்விணைப்பே கண்ணில் படாது.

பூத்த கோல்: ஒரு சோதனை

திருமணப் படலத்தில் வளன் கையிலுள்ள கோல் பூக்க, அவனே மரியாளுக்குரிய மணாளன் எனத் தெரிகிறது. இச்செய்தி நான்கு நற்செய்திகளிலும் இல்லை. எனவே இதனை முனிவரின் படைப்பு என்றோ, இராமன் வில்லிறுத்த நிகழ்ச்சி போன்ற தமிழ்க் காப்பிய மரபின் தாக்கம் என்றோ கொள்ளத் தோன்றும். அவ்வாறு கொள்வது பிழை. விவிலியத் தொகுதியில் சேராத, 2ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் 'யாக்கோபின் முதல் நற்செய்தி'யிலேயே கோல்களைக் கொண்டு மணமகனைத் தேரும் நிகழ்ச்சி உள்ளது. ஆங்கு யோசேப்பின் கோலிலிருந்து புறா வெளிப்படுகிறது. கோல் பூப்பது பிற்கால இலத்தீன் நூல்களில் இடம்பெறுகிறது. அந்நிகழ்ச்சி இடைக்காலப் புனிதர் வரலாறுகள் வழியாக ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிரேதா மரியாளின் 'இறைவனின் மறைநகர்' (1670) வரை வந்து சேர்கிறது. அந்நூலைத் தேம்பாவணியின் நேரடி மூலங்களுள் ஒன்றாக ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர்.

இதே வழியில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. 'யாக்கோபின் முதல் நற்செய்தி'யில் யோசேப்பு மனைவியை இழந்த முதியவர். அவருக்கு மக்களும் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் எரோனிமுசு இதனை மறுத்து, யோசேப்பும் கன்னிமை காத்தவரே என்றார். ஆகிரேதா மரியாளின் நூலில் அவர் முப்பத்து மூன்று வயதினர். தன்னிகரில்லாத் தலைவனை வேண்டும் தமிழ்க் காப்பிய இலக்கணத்திற்கு இளைஞனாகிய யோசேப்பே பொருந்துவான். ஆனால் அவரை இளைஞராக்கியது அவ்விலக்கணம் அன்று. முனிவர் கைக்கு வந்தபோதே அவர் இளைஞராயிருந்தார்.

அங்ஙனமாயின் முனிவருக்கு உரியது யாது? 'பெருகச் செய்வான்' என்னும் பொருள் தரும் எபிரேயப் பெயரை 'வளன்' என ஆக்கியதும், நாட்டுப் படலம் நகரப் படலம் என யூத நாட்டைத் தமிழ்நிலமாக வரைந்ததும், யோசேப்பின் ஐயத்தைத் தனிப் படலமாக விரித்துத் தமிழ்ச் சொல்லில் நிறுத்தியதும் அவருடையவை. மூலம் தெளிவானால் இவரது ஆற்றல் குறைவதில்லை. அது எங்குள்ளது என்பது துலங்குகிறது.

முடிவுரை

தேம்பாவணியில் குறைந்தது மூன்று அடுக்குகள் உள்ளன: ஒன்றோடொன்று ஒவ்வாத இரு நற்செய்திப் பிறப்பு வரலாறுகள், விவிலியத்திற்குப் புறம்பான நூல்கள் வழி வளர்ந்த பக்தி மரபு, தமிழ்க் காப்பிய மரபு. இவற்றைப் பிரித்தறியாமல் 'விவிலியத்தினின்று மாறுபட்டார்' என்றோ 'தமிழ்மயமாக்கினார்' என்றோ முடிபு கூறும் ஒப்பாய்வு அடிப்படையிலேயே தடுமாறும். ஆகவே கிறித்தவத் தமிழ்க் காப்பியங்களை ஆராய்வோர், ஒரு செய்தி விவிலியத்தில் உண்டா என்பதோடு நில்லாமல், எந்த நற்செய்தியில் உண்டு, இல்லையெனின் வேறு எந்நூலில் உண்டு, எவ்வழியே புலவரை அடைந்தது என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்குப் பின்னரே 'புலவரின் புதுமை' என்னும் தலைப்பை எழுதுதல் தகும்.